கையடக்கத் திரையில் நிஞ்சா ஆமைகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நிஞ்சா ஆமைகள் கார்ட்டூனை வைத்து கொனாமி நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ஆர்கேட் (காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரம்) விளையாட்டில், ஆமைகள் தெருவின் குறுக்கே மேலும் கீழுமாக நடந்து எதிரிகளை எந்தப் பக்கத்திலிருந்தும் மடக்க முடிகிறது. மறு ஆண்டே அதே நிறுவனம் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்குக் கொண்டுவந்த ‘ஃபால் ஆஃப் தி ஃபுட் கிளான்’ விளையாட்டில் இடமும் வலமும் தவிர வேறு திசையில் நடக்க வழியில்லை. எதிரிகளும் பெரும்பாலும் ஒரே அடியில் விழுந்துவிடுகிறார்கள். சின்னக் கருவிதானே என்று ஏனோதானோவென்று செய்துவிட்டார்களா?

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கும் அந்த எண்ணம் மாறக்கூடும். கேம் பாயின் திரை 160 பிக்சல் அகலமும் 144 பிக்சல் உயரமும் கொண்டது. அதில் முகமும் ஆயுதமும் தெரியும் அளவுக்கு ஓர் ஆமையை வரைந்து, ஆற்றல் அளவைக் காட்டும் பட்டைக்கும் இடம் ஒதுக்கிவிட்டால், தெருவின் குறுக்கே நடமாடுவதற்கு மிஞ்சுவது ஒரு மெல்லிய பட்டை மட்டுமே.

இடத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நகரும் உருவங்கள் எல்லாவற்றையும் இந்தக் கருவி ‘ஸ்ப்ரைட்’ எனப்படும் 8 பிக்சல் அகலத் துண்டுகளை ஒட்டித்தான் காட்டுகிறது. திரை முழுவதற்கும் 40 துண்டுகள். ஒரே கிடைக்கோட்டில் 10 துண்டுகள். அதற்கு மேல் அது வரையாது. ஆமை மூன்று துண்டு அகலம் என்றும், அதை இருபுறமும் நெருக்கும் எதிரி வீரர்கள் இருவரும் அதே அகலம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது துண்டுகள் தீர்ந்துவிடுகின்றன. ஆமை ஒரு ஷூரிக்கனை (நட்சத்திர வடிவ எறி ஆயுதம்) எறிந்தால் பத்தும் முடிந்தது. மூன்றாவது வீரன் அதே உயரத்தில் உள்ளே வந்தால், அவன் உடம்பில் அந்தக் கோடுகள் செல்லும் பகுதி காணாமல் போகும். எந்தத் துண்டு விடுபடுகிறது என்பதை ஒவ்வொரு சட்டகத்துக்கும் மாற்றி மாற்றி நிரலர்கள் சமாளிப்பார்கள். பழைய விளையாட்டுகளில் கூட்டம் சேர்ந்ததும் உருவங்கள் மின்னி மின்னி மறைவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்ப்ரைட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், திரையில் எது இடப்பக்கம் தள்ளி இருக்கிறதோ அதையே முதல் கேம் பாய் முன்னால் வரையும். தெருவின் ஆழத்தைக் காட்டும் அடிதடி விளையாட்டுக்கு இது நேர் எதிரானது. அங்கே நமக்கு அருகில், அதாவது திரையின் கீழ்ப்பகுதியில் நிற்பவன்தான் முன்னால் தெரிய வேண்டும். இத்தனை இடையூறுகள் இருந்தும் ஆழத்தோடு நடக்கும் விளையாட்டைக் கேம் பாயில் செய்யவே முடியாது என்பதில்லை. அதே 1990-இல் வந்த ‘டபுள் டிராகன்’ அதைச் செய்து காட்டியது. ஆனால் அதில் ஒரே நேரத்தில் ஓரிரு எதிரிகளோடு மட்டுமே மோத முடியும். கூட்டத்தின் நடுவே புகுந்து அடிக்கும் இன்பத்துக்காகவே இருக்கும் ஒரு வடிவத்தில், கூட்டமே இல்லாமல் ஆழத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பயன்?

கொனாமி ஆழத்தைக் கைவிட்டு வேகத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே என் கருத்து. எதிரிப் படையான ஃபுட் கிளானின் வீரர்கள் முன்னும் பின்னும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறார்கள். ஓர் அடியில் அவர்கள் விழுவதால் திரையில் துண்டுகள் உடனே மிச்சமாகின்றன. அடுத்தவனுக்கு இடம் கிடைக்கிறது. எதிரே வருபவனை ஆயுதத்தால் வீழ்த்தி, திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் ஒருவன் கை ஓங்கி நிற்க, குனிந்தபடி பொத்தானை அழுத்தினால் ஷூரிக்கன் பறக்கிறது. எழும்பி அழுத்தினால் அதே பொத்தான் உதையாக மாறுகிறது. இரண்டே பொத்தான்களில் இவ்வளவையும் அடக்கியிருக்கிறார்கள். நீங்கள் குறையாக எண்ணும் ‘ஒரே அடி’தான் இந்த விளையாட்டின் தாளம்.

கேள்வி: கேம் பாயில் நிறமே இல்லை. கண்பட்டையின் நிறம் தெரியாமல் நான்கு ஆமைகளில் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கையைப் பாருங்கள். லியோனார்டோவிடம் இரட்டை வாள், ராஃபேலிடம் சை எனப்படும் முக்கிளைக் குத்துக்கத்திகள், மைக்கலாஞ்சலோவிடம் நன்சாக்கு எனப்படும் சங்கிலியால் இணைத்த இரட்டைக் குச்சிகள், டொனாட்டெல்லோவிடம் நீண்ட தடி. நான்கே சாயல்கள் கொண்ட திரையில் நீலம், சிவப்பு, ஆரஞ்சு, ஊதா என்ற வேறுபாடு எதுவும் நிற்காது.

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இது இந்த ஆமைகளின் பிறப்புக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லெயர்டும் 1984-இல் வெளியிட்ட முதல் காமிக்ஸின் உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் அச்சானவை. வண்ண அட்டையிலோ நால்வருக்கும் கண்பட்டை சிவப்புதான். வாசகர்கள் அன்றும் ஆயுதத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள். நான்கு பேருக்கும் தனித்தனி நிறம் என்பதைப் பரவலாக்கியது 1987-இல் தொடங்கிய கார்ட்டூன் தொடர். ஆமைகளின் தோழி ஏப்ரல் ஓ’நீலைக் கடத்திச் செல்லும் கதையும், ராக்ஸ்டெடி, பீபாப் போன்ற எதிரிகளும் கார்ட்டூனிலிருந்தே இந்த விளையாட்டுக்குள் வந்திருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தில் அந்தப் பச்சை சாம்பல் திரை, யாரும் திட்டமிடாமலே, பழைய காமிக்ஸுக்குத் திரும்பிவிட்டது.

கேள்வி: என் பத்து வயது மகள் இதை ஒரே மாலையில் முடித்துவிட்டாள். ஐந்து கட்டங்கள் மட்டும் கொண்ட ஒரு விளையாட்டு இவ்வளவு சுலபமாக இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். நான்கு ஆமைகளும்தான் அவளுடைய நான்கு உயிர்கள். ஒருவனின் ஆற்றல் தீர்ந்தால் அவன் சிறைபிடிக்கப்படுகிறான், அவள் அடுத்தவனைத் தேர்ந்தெடுக்கிறாள். கட்டங்களையும் விரும்பிய இடத்திலிருந்து தொடங்கலாம். நேரம் கிடைக்கும்போது எடுத்துக் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு மூடிவைக்கும் கருவிக்கு இது பொருத்தமான அமைப்பு. அவளுக்குச் சவால் தேவையென்றால், முதல் கட்டத்திலிருந்து ஒரே ஆமையோடு, எவரும் சிறைபடாமல் கடைசி எதிரியான க்ராங் வரை போகச் சொல்லுங்கள். நான்காம் கட்டத்தின் முடிவில் ஃபுட் கிளான் தலைவன் ஷ்ரெடர் நிற்கும் இடத்தில் அவள் கை தயங்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: இப்போது புதிதாகத் தொடங்குபவர் எதை விளையாடலாம்? பழைய கார்ட்ரிட்ஜ் தேடி அலைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2022 ஆகஸ்டில் வெளியான ‘கவபங்கா கலெக்‌ஷன்’ தொகுப்பில் 13 விளையாட்டுகள் உள்ளன. கேம் பாயில் வந்த மூன்று ஆமை விளையாட்டுகளும் அவற்றுள் அடக்கம். தவறு செய்தால் சில நொடிகள் பின்னோக்கிச் சுழற்றும் வசதியும் உண்டு. ஆனால் முதல் முறை அதைத் தொடாமல் ஆடிப் பாருங்கள். மூன்றாவதாக 1993-இல் வந்த ‘ராடிக்கல் ரெஸ்க்யூ’ அடிதடி வகையைச் சேர்ந்ததன்று என்பதையும் நினைவில் வையுங்கள். அது மைக்கலாஞ்சலோ தனியாகப் புறப்பட்டு, வரைபடத்தைத் துழாவித் துழாவித் தன் சகோதரர்களை மீட்கும் விளையாட்டு.

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் தேடும் ‘ஆழம்’ கையடக்கக் கருவியிலேயே வேண்டுமானால், 2007-இல் வந்த அனிமேஷன் படத்தை ஒட்டி யூபிசாஃப்ட் கேம் பாய் அட்வான்ஸுக்குச் செய்த விளையாட்டைத்தான் நான் முதலில் சொல்வேன். அந்தக் கருவியின் திரை 240-க்கு 160 பிக்சல். ஸ்ப்ரைட்டுகள் 128 வரை. பழைய கருவியில் மூச்சுத்திணறிய கூட்டச் சண்டை இங்கே இயல்பாக நடக்கிறது. ஆமைகள் தெருவின் குறுக்கே நடக்கிறார்கள், எதிரிகளைச் சுற்றி வருகிறார்கள், கண்பட்டைகளுக்கும் நிறம் வந்துவிடுகிறது. ஒருவர் மட்டுமே ஆட முடியும் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். நண்பர்களோடு சேர்ந்து ஆட விரும்பினால், 2022-இல் ட்ரிப்யூட் கேம்ஸ் உருவாக்கிய ‘ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்’ விளையாட்டைக் கையில் பிடித்தபடியே ஸ்விட்ச் கருவியில் ஆடலாம்.