வீடு ஒன்று, ஆப் ஐந்து: மேட்டர் பற்றி வாசகர்கள் கேட்டவை

ஸ்மார்ட் பல்பு, பிளக், பூட்டு என்று வாங்கி வைத்தவர்களிடமிருந்து இப்போது வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘மேட்டர்’ தரநிலையைப் பற்றித்தான். 2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் மூன்றும் ஜிக்பீ என்ற பழைய வயர்லெஸ் முறையின் கூட்டமைப்போடு சேர்ந்து அறிவித்த வேலை இது. முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. யார் தயாரித்த கருவியானாலும் யாருடைய ஆப்பிலும் சேர வேண்டும் என்பது நோக்கம். சேர்வது வரைக்கும் பெரும்பாலும் நடந்துவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் கேள்விகள்.

எங்கள் வீட்டில் எக்கோ ஸ்பீக்கர் இருக்கிறது. மேட்டர் பல்பு ஒன்றை என் ஆண்ட்ராய்டு போனிலிருந்து அலெக்சாவில் சேர்த்தேன். மகள் ஐபோனில் அதே கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஏற்கவில்லை. பல்பு பழுதா? – கோவை வாசகி

பழுது இல்லை. பல்பில் அச்சிட்டிருப்பது முதல் முறை சேர்ப்பதற்கான கோடு. ஒரு ஆப் அதை ஏற்றுக்கொண்ட பிறகு அதே கோடை வைத்து இன்னொருவர் உள்ளே வர முடியாது. வர முடிந்தால், ஏணி போட்டு ஏறி ஸ்கேன் செய்கிற எவரும் உங்கள் விளக்கைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாமே!

செய்ய வேண்டியது இதுதான். அலெக்சா ஆப்பில் அந்தப் பல்பின் அமைப்புகளுக்குள் போய், மற்ற ஆப்களோடு பகிரும் பகுதியைத் தேடுங்கள். புதிதாக 11 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதை மகள் தன் ஆப்பில் போட்டால் சேர்ந்துவிடும். பகிர்வதற்காகத் திறக்கிற அந்த வாசல் அதிகபட்சம் 15 நிமிடத்தில் மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் இன்னொரு எண் வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒரு கருவி குறைந்தது ஐந்து தரப்புகளோடு ஒரே நேரத்தில் இணைந்திருக்க இடம் தர வேண்டும் என்று தரநிலையிலேயே விதி உண்டு. ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனிச் சாவி என்பதால், நாளை ஒன்றிலிருந்து நீக்கினாலும் மற்றவை அப்படியே இருக்கும். அவசரப்பட்டு பல்பை மட்டும் ரீசெட் செய்துவிடாதீர்கள், எல்லா இணைப்பும் ஒரேயடியாகப் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐபோனில் இருக்கும் ஆப்பிள் ஹோம் ஆப் ஒழுங்காக ஓட, வெளியே இருக்கும்போதும் விளக்கை இயக்க, வீட்டில் ஆப்பிளின் ஹோம்பாட் ஸ்பீக்கர் அல்லது ஆப்பிள் டிவி ஒன்று இருப்பது நல்லது. ஒரு பல்புக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். மகளின் போனில் அலெக்சா ஆப்பைப் போட்டுக் கொடுங்கள், போதும்.

கதவு சென்சார் ஒன்று வாங்கினேன். பெட்டியில் மேட்டர் முத்திரை இருக்கிறது. வைஃபையும் நன்றாகவே வருகிறது. ஆனால் ‘த்ரெட் பார்டர் ரவுட்டர் தேவை’ என்று ஆப் சொல்கிறது. என்ன அது?

மேட்டர் என்பது கருவிகள் பேசும் பேச்சு. அது போகிற பாதை மூன்று: வைஃபை, ஈதர்நெட் கேபிள், அப்புறம் த்ரெட். உங்கள் சென்சார் த்ரெட் வகை. அதில் வைஃபை ரேடியோவே இல்லை என்பதால் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இருக்காது.

த்ரெட்டும் வைஃபை போல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகிறது, ஆனால் வேகம் நொடிக்கு 250 கிலோபிட் மட்டுமே. படம் பார்க்க உதவாது. கதவு திறந்ததா மூடியதா என்று சொல்ல அது தாராளம். மின்சாரமும் மிகக் குறைவாகவே இழுக்கும், அதனால்தான் சின்ன பேட்டரியில் ஓடும் சென்சார்கள் இதை விரும்புகின்றன. த்ரெட் வலையையும் உங்கள் வீட்டு வைஃபையையும் இணைத்துக் கொடுக்கும் கருவிதான் பார்டர் ரவுட்டர். தனியாகத் தேடிப் போக வேண்டாம்: ஹோம்பாட் மினி, இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப், கூகுள் டிவி ஸ்ட்ரீமர், நான்காம் தலைமுறை எக்கோ இவற்றுக்குள் அது இருக்கிறது. நெஸ்ட் மினியில் இல்லை. ‘ஸ்மார்ட் ஸ்பீக்கர்தானே, எல்லாம் இருக்கும்’ என்று நினைத்து ஏமாறுகிற இடம் இதுதான்.

இவற்றில் எதுவும் வீட்டில் இல்லையென்றால் சென்சாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வைஃபை வகை வாங்குங்கள். இருக்கிறது, ஆனால் கடைசி அறைக்கு எட்டவில்லை என்றால், நடுவில் ஒரு த்ரெட் பிளக்கைச் செருகுங்கள். நேரடி மின்சாரத்தில் ஓடும் த்ரெட் கருவிகள் அடுத்த கருவிக்குத் தகவலைக் கடத்தும். பேட்டரியில் ஓடுபவை கடத்தாது.

இரவு இரண்டு மணிக்கு கரண்ட் போய்த் திரும்பி வந்தால் படுக்கையறை ஸ்மார்ட் பல்பு பளிச்சென்று எரிகிறது. குழந்தை எழுந்துவிடுகிறது. – மதுரை

சுவிட்சைப் போட்டால் பல்பு எரிய வேண்டும் என்று தயாரிப்பாளர் நினைத்ததன் விளைவு. கரண்ட் திரும்புவதும் சுவிட்ச் போடுவதும் பல்புக்கு ஒன்றுதான். மேட்டரில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு: மின்சாரம் வந்ததும் எரியலாம், அணைந்தே இருக்கலாம், அல்லது போவதற்கு முன் இருந்த நிலைக்குத் திரும்பலாம். படுக்கையறைக்கு மூன்றாவது பொருத்தம். சில ஆப்கள் இந்தத் தேர்வைக் கண்ணில் காட்டுவதே இல்லை. அப்போது பல்பைத் தயாரித்த நிறுவனத்தின் ஆப்பில் தேடி மாற்றுங்கள். அமைப்பு பல்புக்குள்ளேயே பதிவாவதால், பிறகு எந்த ஆப்பிலிருந்து இயக்கினாலும் அது நிற்கும்.

தண்ணீர் மோட்டாரையோ கீசரையோ ஸ்மார்ட் ரிலேயில் (ஆப் சொன்னால் ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) இணைத்திருப்பவர்கள் இன்றைக்கே இதைப் பார்த்துவிடுங்கள். அவை அணைந்த நிலையில்தான் எழ வேண்டும். ஆளில்லாத வீட்டில் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்குவது விளையாட்டான விஷயம் இல்லை.

வீட்டு சுவிட்சுகளை மேட்டர் சுவிட்சாக மாற்றக் கேட்டால் ‘நியூட்ரல் இல்லை, முடியாது’ என்கிறார் எலக்ட்ரீஷியன். தரநிலை இருந்தும் இது ஏன்? – திருச்சி

அவர் சொல்வது நியாயம். மேட்டர் கருவிகளின் பேச்சை ஒழுங்குபடுத்துமே தவிர சுவருக்குள் ஒயர் இழுத்துத் தராது. பழைய வயரிங்கில் பல சுவிட்ச் பெட்டிகளுக்கு ஃபேஸ் மட்டுமே வரும், அங்கிருந்து விளக்குக்கு ஓர் ஒயர் போகும். நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். ஸ்மார்ட் சுவிட்ச் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும், அதற்கு நியூட்ரலும் வேண்டும்.

ஆனால் எல்லா போர்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பிளக் பாயிண்ட் இருக்கிற போர்டில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும். நம் வீடுகளில் அறைக்கு ஒரு போர்டிலாவது பிளக் இருக்கும். அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: இன்வெர்ட்டர் லைனுக்கும் நேரடி லைனுக்கும் நியூட்ரல் தனித்தனியாக இருந்தால், ஒன்றின் ஃபேஸோடு மற்றதன் நியூட்ரலைக் கோர்க்கக் கூடாது. மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் அது டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். இல்லாத வீட்டில் தவறு தெரியாமலே கிடக்கும், அது இன்னும் மோசம்.

நியூட்ரல் வேண்டாத சுவிட்சுகளும் விற்கிறார்கள். விளக்கின் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டு விழித்திருப்பவை அவை. சின்ன எல்இடி விளக்குகள் அணைத்த பிறகும் மினுக்கும். எனக்குப் பிடிப்பதில்லை. கீசரைப் பொறுத்தவரை, 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்ப் இழுக்கும். 16 ஆம்ப் தாங்கும் மாட்யூலுக்குக் கீழே இறங்காதீர்கள்.

இன்டர்நெட் போய்விட்டால்?

ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தால் போதும். மேட்டர் கட்டளைகள் வீட்டு வலைக்குள்ளேயே போகும், வெளியே எந்த சர்வரையும் தொட வேண்டியதில்லை. குரல் கட்டளை பெரும்பாலும் வேலை செய்யாது, ஏனென்றால் உங்கள் பேச்சைப் புரிந்துகொள்வது வெளியே இருக்கும் சர்வர். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள்.

மேட்டர் பிளக் ‘இணைக்கப்படுகிறது’ என்று சுற்றிச் சுற்றி கடைசியில் தோற்றுப் போகிறது. மூன்று பிளக்கிலும் இதே கதை. – சென்னை

மூன்றிலும் என்றால் சந்தேகத்தை வைஃபை மேல் திருப்புங்கள். நான் அடிக்கடி பார்ப்பது இது: ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டி ஒரு வைஃபை தருகிறது, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் இன்னொரு வைஃபை தருகிறது. ஸ்பீக்கர் பழைய பெட்டியில் இருக்கும், போன் புதிய ரவுட்டரில் இருக்கும். பார்க்க ஒரே இன்டர்நெட், உள்ளே இரண்டு தனி வலைகள். மேட்டர் கருவிகள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிப்பது ஒரே வலைக்குள்தான். ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே ரவுட்டருக்குக் கொண்டுவாருங்கள். அல்லது புதிய ரவுட்டரை, தனி வலை உருவாக்காத ‘ஆக்சஸ் பாயிண்ட்’ நிலைக்கு மாற்றுங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால், ரவுட்டர் அமைப்பில் ஐபிவி6 (வலையில் கருவிகளுக்கு முகவரி தரும் புதிய முறை) அணைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். மேட்டர் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. கெஸ்ட் வைஃபையில் சேர்க்காதீர்கள், அதில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். பெரும்பாலான பிளக்குகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். போனில் ப்ளூடூத்தும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், முதல் அறிமுகம் அதன் வழியாகத்தான் நடக்கிறது.

ஏசி, ஃபேன், கேமரா எல்லாம் மேட்டரில் வருமா?

ஏசியும் ஃபேனும் 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில் இடம் பெற்றுவிட்டன, ஃப்ரிட்ஜும் ரோபோ வேக்குவமும்கூட. கேமரா 2025 நவம்பரில் வந்த 1.5 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. தரநிலையில் இடம் வந்ததும் உங்கள் ஆப்பிலும் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆப் தயாரிப்பவர்கள் அந்தக் கருவி வகையைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். கேமரா வாங்க நினைப்பவர்கள் இன்றைக்கு எந்த ஆப்பில் ஓடுகிறது என்று பார்த்து வாங்குங்கள். நாளை வரப்போகும் அப்டேட்டை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சுவரில் இருக்கும் ஏசிக்கு ஐஆர் ரிமோட் வேலையைச் செய்யும் ஹப்கள் உண்டு, அவற்றில் சில ஏசியை மேட்டருக்கும் காட்டுகின்றன. ஆனால் அது ஒருவழிப் பேச்சு. ஏசி உண்மையில் ஓடுகிறதா என்று ஹப்புக்குத் தெரியாது. பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) வைத்திருப்பவர்கள் சுவரில் ரெகுலேட்டர் மாட்யூல் போடக் கூடாது, வெறும் ஆன்-ஆஃப் ரிலே போதும்.

பழைய ஜிக்பீ பல்புகளைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். அந்தப் பல்புகளை வலையோடு இணைக்கும் ஹப்பையே மேட்டருக்கு மாற்றினால் அதன் கீழிருக்கும் பல்புகளும் கூடவே வந்துவிடும். பிலிப்ஸின் ‘ஹியூ பிரிட்ஜ்’ என்ற ஹப்புக்கு 2023-லேயே மென்பொருள் அப்டேட்டில் அது கிடைத்தது. ஹப் இல்லாத பழைய வைஃபை பிளக்குகளுக்கு இந்த வழி இல்லை. பழுதாகும்வரை பழைய ஆப்பிலேயே ஓடட்டும்.

வாடகை வீட்டை மாற்றுகிறோம். ஸ்மார்ட் பூட்டையும் சுவிட்சுகளையும் கழற்றி எடுத்துப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ரீசெட் செய்யுங்கள். கருவியை விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் இது கட்டாயம். ஆப்பிலிருந்து நீக்குவது மட்டும் போதாது, வேறு ஆப்பில் யாராவது பகிர்ந்து வைத்திருக்கலாம். கியூஆர் கோடு சுவிட்சின் பின்பக்கம் ஒட்டியிருக்கும், சுவரில் பொருத்திவிட்டால் மறுபடி கண்ணில் படாது. மாட்டும் முன் போனில் படம் எடுத்து, எந்த அறை என்று பெயர் போட்டுச் சேமியுங்கள். கோடு தொலைந்த பூட்டை ரீசெட் செய்துவிட்டு என்னிடம் வழி கேட்பவர்களுக்கு, தயாரிப்பாளரிடம் கேளுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.