எதைச் செய்ய மாட்டோம்? – கடிதமும் பதிலும்

அம்மா,

வணக்கம். கலிஃபோர்னியாவில் மகன் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, 1960-ல் அங்கே போட்ட உயர்கல்வித் திட்டத்தை ‘நான் படித்த அரசு ஆவணங்களில் நேர்மையான ஒன்று’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரி என்னை விடவில்லை.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். எங்கள் பத்தாண்டுத் திட்டக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். கற்பித்தல், ஆராய்ச்சி, நலவாழ்வு என்று மூன்று தூண்கள் வகுத்திருக்கிறோம். ஏதோ ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆவணத்தைப் பார்த்து எடுத்தது அது. எங்களுக்கு மருத்துவக் கல்லூரியே கிடையாது. ஆனாலும் மூன்றாவது தூணுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுத வேண்டும். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் குழு வரும்போது காட்ட ஒரு திட்டம் இருந்தால் போதும், ரொம்ப யோசிக்காதீர்கள் என்கிறார்கள். எனக்கு மனசு ஒட்டவில்லை. இப்படிப்பட்ட திட்டங்களால் உலகத்தில் எங்காவது ஏதாவது நடந்திருக்கிறதா? அடுத்த மாதம் கூட்டம். நான் அங்கே என்ன பேச?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள பேராசிரியருக்கு,

நடந்திருக்கிறது. அதனால்தான் அந்த வரியை எழுதினேன். ஆனால் எப்படி நடந்தது என்று சொல்லாமல் விட்டது என் தவறு. இப்போது சொல்கிறேன்.

1950களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் இருந்த நிலைமை நமக்குப் பழக்கமானதுதான். போர் முடிந்து பிறந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் கல்லூரி வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் ஆளாளுக்குத் தங்கள் தொகுதிக்கு ஒரு கல்லூரி கேட்டு மசோதா கொண்டுவந்தார்கள். 1868-ல் தொடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஒரு பக்கம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளாக இருந்து வளர்ந்த மாநிலக் கல்லூரிகள் இன்னொரு பக்கம். முனைவர் பட்டம் தரும் உரிமை எங்களுக்கும் வேண்டும் என்று அவை நின்றன. அப்புறம் ஊருக்கு ஊர் இரண்டாண்டுக் கல்லூரிகள். எல்லாரும் ஒரே கஜானாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1959-ல் டாரதி டோனஹோ என்ற சட்டமன்ற உறுப்பினர், எல்லாரும் சேர்ந்து ஒரு திட்டம் போடுங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஆர்தர் கூன்ஸ் என்ற கல்லூரித் தலைவரின் கீழ் குழு அமைந்தது. அப்போது பல்கலைக்கழகத்தின் தலைவர் கிளார்க் கெர். அவர் தொழிலாளர் பொருளாதாரம் படித்தவர். தொழிற்சங்கத்துக்கும் முதலாளிக்கும் நடுவில் உட்கார்ந்து சமரசம் பேசிப் பழகியவர். திட்டத்தைப் படிக்கும்போது அந்தக் கை தெரிகிறது. ஒரு கூலி ஒப்பந்தம் மாதிரிதான் இருக்கிறது அது.

ஒப்பந்தம் இதுதான். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வருபவர்களுக்கு மாநிலக் கல்லூரி. மற்ற எல்லாருக்கும் இரண்டாண்டுக் கல்லூரியின் கதவு திறந்திருக்கும். அதுவரை பல்கலைக்கழகம் சுமார் 15 சதவீதம் பேரையும், மாநிலக் கல்லூரிகள் சுமார் 50 சதவீதம் பேரையும் சேர்த்துவந்தன. இரண்டும் தங்கள் வாசலைத் தாங்களே குறுக்கிக்கொண்டன. முனைவர் பட்டம், மருத்துவம், சட்டம் எல்லாம் அரசு நிறுவனங்களில் பல்கலைக்கழகத்துக்கு மட்டும். மாநிலக் கல்லூரிகள் வேண்டுமானால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முனைவர் பட்டம் தரலாம். பதிலுக்குப் பல்கலைக்கழகம் தன் இளநிலை இடங்களில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கான பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இடம் வேண்டுமே, அதற்காக. இன்றும் அங்கே இளநிலைக்குப் புதிதாகச் சேர்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அந்த வழியாக வருகிறார். அறுபது வருடம் தாண்டியும் ஒரு திட்டத்தின் ஒரு வரி இப்படி உயிரோடு இருக்கிறது.

நேர்மையானது என்று நான் சொன்னதற்குக் காரணம் இந்த ‘மாட்டோம்’கள். எதையெல்லாம் செய்ய மாட்டோம் என்று அதில் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறது. உங்கள் ஆவணத்தில் அப்படி ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் இதே மாதிரி இரண்டு குழுக்களில் இருந்திருக்கிறேன். ‘வலுப்படுத்துவோம்’, ‘மேம்படுத்துவோம்’, ‘உலகத் தரத்துக்கு உயர்த்துவோம்’ என்றே எழுதினோம். எதை விடுவோம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சரி, அந்தத் திட்டம் குறையில்லாததா என்றால், இல்லை. உள்ளூர்க்காரர்களுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது என்று 1960-ல் உறுதி சொன்னார்கள். 1967 ஜனவரியில், ரீகன் ஆளுநராகப் பதவியேற்ற சில வாரங்களில், கெர் பல்கலைக்கழகத் தலைவர் பதவியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1970-லேயே கட்டணம் வேறு பெயரில் உள்ளே வந்தது. 1978-ல் சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டிய பிறகு மாநிலத்தின் கையில் பணம் இறுகியது. யாரெல்லாம் எதை விட்டுக்கொடுப்பது என்று எழுதியவர்கள், பணம் தருகிற அரசை அதே மாதிரி கட்டிப்போடவில்லை.

அதைவிட என்னைப் பாதித்தது வேறொன்று. தீர்மானம் கொண்டுவந்த டாரதி டோனஹோ, பேக்கர்ஸ்ஃபீல்டுக்காரர். சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் தெற்கு முனையில் இருக்கிற ஊர் அது. 1960 ஏப்ரலில் சட்டம் கையெழுத்தாகும் முன்பே அவர் இறந்துவிட்டார். சட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் அவருடைய பள்ளத்தாக்கில் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று திறக்க 2005 வரை ஆனது. மெர்செட், பத்தாவது வளாகம். அதற்கு முன்பே 1960களில் கடலோரத்தில் சான் டியேகோ, இர்வைன், சான்டா குரூஸ் என்று மூன்று வந்துவிட்டன. நாட்டுக்கே காயும் பழமும் பாதாமும் தருகிற மண், நாற்பத்தைந்து வருடம் காத்திருந்தது.

என் மகன் அதே பள்ளத்தாக்கில், ஃப்ரெஸ்னோவில் இருக்கிறான். அங்கே ஐந்து மாதம் இருந்தேன். கோடையில் காற்றடித்தால் வீட்டுக்குள் ஜன்னல் விளிம்பெல்லாம் மாவு மாதிரி புழுதி. ‘அம்மா, புழுதிக் காற்றில் நடக்கப் போகாதீர்கள்’ என்று மருமகள் தடுப்பாள். அந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. புழுதியோடு மூச்சில் ஏறி நுரையீரலில் உட்கார்ந்துவிடும். ஊர்க்காரர்கள் ‘வேலி ஃபீவர்’ என்பார்கள், பள்ளத்தாக்குக் காய்ச்சல். பலருக்குச் சளிக்காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும். சிலருக்கு எலும்பு, மூளை உறை வரைக்கும் பரவும். வயலில் வேலை செய்பவர்களும் கட்டடக் கூலிகளும் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 1930களில் கெர்ன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த மிர்னி கிஃபோர்ட் என்ற பெண் மருத்துவர்தான், ஊர்க்காரர்கள் சொல்கிற காய்ச்சலும் இந்தப் பூஞ்சையும் ஒன்று என்று கண்டுகொள்வதில் முன்னால் நின்றவர். தன்னிடம் வந்த நோயாளிகளை விடாமல் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் மூன்று தூண்களும் அந்தப் புழுதியில் ஒன்றாகிவிடுகின்றன. அந்தக் காய்ச்சலை அடையாளம் காணத் தெரிந்த மருத்துவர் வேண்டும், அது கற்பித்தல். பூஞ்சையைப் பற்றி இன்னும் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது, அது ஆராய்ச்சி. திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரர் இருமிக்கொண்டு வந்தால் போக ஓர் இடம் வேண்டும், அது நலவாழ்வு. மூன்றுக்கும் தனித்தனி அத்தியாயம் எழுதினால் அந்த மனிதர் எந்த அத்தியாயத்திலும் இருக்க மாட்டார். மாநிலத்தில் மருத்துவர் பற்றாக்குறை மிக மோசமாக இருக்கும் பகுதிகளில் அந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவக் கல்வி வளாகம் 1975-லேயே ஃப்ரெஸ்னோவில் ஒரு கிளை வைத்தது. பள்ளத்தாக்குப் பிள்ளைகளை எடுத்து, மெர்செடில் இளநிலை படிக்கவைத்து, அங்கிருந்து மருத்துவம் வரை கொண்டுபோகும் ஏற்பாடு 2023-ல்தான் தொடங்கியது.

ஆராய்ச்சித் தூணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதை ஆபத்தில்லாத தூண் என்று நினைக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தக்காளி அறுவடை இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். அந்த இயந்திரத்தின் அடியைத் தாங்குகிற கெட்டித் தோல் தக்காளியையும் அதே வளாகத்தில் உருவாக்கினார்கள். 1964-ல் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்கும் ஏற்பாடு முடிந்ததும், சில ஆண்டுகளுக்குள் ஆலைக்குப் போய்ச் சாறாகவும் விழுதாகவும் மாறுகிற தக்காளித் தோட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இயந்திரத்துக்கு மாறின. பெரிய பண்ணைகள் வளர்ந்தன, சிறு விவசாயிகள் தக்காளியை விட்டார்கள், கூலிகள் வேலை இழந்தார்கள். 1979-ல் கூலிகளின் சார்பில் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்கே போட்டார்கள்: மக்கள் வரிப்பணத்தில் யாருக்காக ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று. கடைசியில், 1989-ல், மேல்நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அந்தக் கேள்வி சரியான கேள்வி. ஆராய்ச்சி தொடங்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மருத்துவமனைகள் விஷயத்தில் 1960-ன் திட்டம் ஏறக்குறைய மௌனம். மருத்துவப் படிப்பு யாருக்குச் சொந்தம் என்று சொன்னதோடு சரி. பிறகு புதிய மருத்துவக் கல்லூரிகள் வந்தபோது நோயாளிகள் வேண்டியிருந்தது. சான் டியேகோவிலும் சாக்ரமெண்டோவிலும் ஆரஞ்சு கவுண்டியிலும், ஏழைகள் போய்க்கொண்டிருந்த கவுண்டி மருத்துவமனைகளைப் பல்கலைக்கழகம் 1960களிலும் 70களிலும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. இன்று பல்கலைக்கழகத்தின் வருமான வழிகளில் மிகப் பெரியது இந்த மருத்துவமனைகள்தான். ஒரு பத்தியில் முடிந்த விஷயம் வீட்டிலேயே பெரிய அறையாகிவிட்டது. காப்பீடு யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதை வைத்து அந்த அறை இயங்குகிறது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு தருவது குறைவு. வகுப்பறையை நினைத்து எழுதிய திட்டத்தை வைத்து இதை நடத்த முடியாது.

உங்களுக்கு நேராகப் பயன்படக்கூடியது ரிவர்சைடு. லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கிழக்கே, மருத்துவர் பஞ்சம் உள்ள இன்னொரு பகுதி. அங்கே இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்க 2011-ல் அங்கீகாரம் கேட்டபோது, மாநிலத்தின் நிதி உறுதியாக இல்லை என்று தள்ளிவிட்டார்கள். பிறகு நிதி ஏற்பாடு செய்து 2013-ல் முதல் வகுப்பு உட்கார்ந்தது. அந்தக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கும் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் மாணவர்கள் பயிற்சி எடுக்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கு மருத்துவர்களைத் தருவது என்பதே தன் வேலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கேயே தங்கி வேலை செய்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் மாணவருக்குப் படிப்புச் செலவைத் தருகிறார்கள்.

நம் ஊரில் நாம் வேறு பாதையில் போனோம். வேளாண்மைக்கு 1971-ல் தனிப் பல்கலைக்கழகம், பொறியியலுக்கு 1978-ல் ஒன்று, மருத்துவத்துக்கு 1987-ன் சட்டத்தால் ஒன்று. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் பிரித்த பிறகு, உங்களைப் போன்ற ஒரு பல்கலைக்கழகம் ‘நலவாழ்வு’ என்று எழுதினால், அதற்கு என்ன பொருள் என்று புதிதாக யோசித்தாக வேண்டும். அமெரிக்க ஆவணத்தில் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான படுக்கைகள் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது ஒரு வேதியியல் துறை, ஒரு புவியியல் துறை, ஒரு சமூகப்பணித் துறை, ஒரு தமிழ்த் துறை.

அது குறைவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டு மடக்க முடியாத வலி. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் அதற்காக வந்ததுதான். ஆனாலும் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் யார் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று பார்க்கும் வேலைக்கு மருத்துவக் கல்லூரி வேண்டியதில்லை. உங்கள் முதுநிலை மாணவர்கள் போதும். நீரைச் சோதிக்க வேதியியல், வரைபடத்துக்குப் புவியியல், வீடு வீடாகப் போய்க் கேட்கச் சமூகப்பணி. மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்கத் தமிழ்த் துறை. உங்கள் மாவட்டத்தில் அது ஃபுளோரைடாக இல்லாமல் சாயக் கழிவாகவோ, பஞ்சாலைத் தூசியாகவோ, கல்குவாரியாகவோ இருக்கலாம்.

ஆகவே கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கே இருக்கும் மருத்துவரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பேசுங்கள். திரும்பத் திரும்ப எதற்காக வருகிறார்கள் என்று கேளுங்கள். அதில் ஒன்றை எடுத்து, பன்னிரண்டு பக்கத்துக்குப் பதிலாக இரண்டு பக்கம் எழுதுங்கள்: எந்தத் துறை, எத்தனை மாணவர், எந்தக் கணக்குத் தலைப்பில் பணம், எந்த ஆண்டுக்குள். மூன்றாவது பக்கத்தில், இதற்காக எந்த இரண்டு வேலைகளை நிறுத்துகிறோம் என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் எடுக்கச் சொல்வார்கள். எடுத்தால், எடுக்கக் கூடாது என்று உங்கள் கருத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

செவிலியர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.