வால்வு கசிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல வருடம் தொடாமல் இருந்த கேட் வால்வை (உள்ளே தகடு இறங்கித் தண்ணீரை அடைக்கும் வகை) ஒருமுறை மூடித் திறந்தேன். அன்றிலிருந்து கைப்பிடிக்குக் கீழே சொட்டுகிறது. புது வால்வு போட வேண்டுமா?

பதில்: அநேகமாகத் தேவைப்படாது. தண்ணீர் வழிந்தோடி வேறோர் இடத்தில்தான் சொட்டும். அதனால் வால்வை நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ தாளை ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிப் பாருங்கள். கைப்பிடியோடு சேர்ந்து திரும்பும் தண்டான ஸ்பிண்டில் வெளியே வரும் இடம் முதலில் நனைந்தால், அதைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டுக்குள் கசிவைத் தடுக்க அடைத்திருக்கும் பேக்கிங் காய்ந்து இறுகிவிட்டது என்று அர்த்தம். அசையாமல் கிடந்த ஸ்பிண்டில் திரும்பியதும் அதில் இடைவெளி விழுந்துவிடுகிறது.

ஒரு ஸ்பேனரால் வால்வின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் கிளாண்ட் நட்டை வலப்பக்கமாக அரைக்கால் சுற்று மட்டும் திருப்புங்கள். நிற்கவில்லையென்றால் இன்னொரு அரைக்கால். கைப்பிடி கையாலேயே சுழல வேண்டும். அது இறுகிவிட்டால் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டீர்கள். உடலைப் பிடிக்காமல் முறுக்கினால் பழைய பைப்பின் த்ரெட் உடைந்து, சொட்டு நீர் பீறிட ஆரம்பித்துவிடும். கிளாண்டுக்குக் கீழே உள்ள பெரிய நட்டை, லைனில் தண்ணீர் இருக்கும்போது தளர்த்தவே கூடாது.

கேள்வி: முறுக்கியும் நிற்கவில்லையே?

பதில்: பேக்கிங்கை மாற்றுங்கள். அந்த வால்வுக்கு முன்னால் உள்ள மெயினை மூடி, தாழ்வான குழாயைத் திறந்து லைனை வடியுங்கள். கீசர் இருந்தால் அதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் எலிமென்ட் கருகிவிடும். கைப்பிடியையும் கிளாண்ட் நட்டையும் கழற்றி, பழைய பேக்கிங்கை மெல்லிய கொக்கியால் கிளறி எடுங்கள். ஸ்பிண்டிலில் கீறல் விழக் கூடாது, விழுந்தால் புது பேக்கிங்கும் கசியும். டெஃப்லான் கயிற்றை நட்டு இறுகும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றி, நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. மெயினை மெதுவாகத் திறங்கள். குழாய் வாயில் வடிகட்டி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், துரு வந்து அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: வால்வை முழுக்க மூடினாலும் குழாயில் நூல் போலத் தண்ணீர் வருகிறது.

பதில்: கேட் வால்வு என்றால் அடியில் மண் தங்கியிருக்கும். கீழே ஒரு குழாயைத் திறந்து வைத்து, வால்வைப் பாதி மூடித் திறப்பதை ஐந்தாறு முறை செய்தால் அடித்துக்கொண்டு போகும். அப்படியும் வந்தால் உள்ளே தகடு தேய்ந்துவிட்டது. பால் வால்வாக (உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பும் வகை) மாற்றிவிடுங்கள். கேட் வால்வைப் பாதி திறந்து வைத்துத் தண்ணீரைக் குறைக்கும் பழக்கம்தான் தகட்டைத் தேய்க்கிறது. ஸ்டாப் காக் என்றால் உள்ளே ரப்பர் வாஷரை மாற்றினாலே போதும்.

கேள்வி: டெஃப்லான் டேப் சுற்றியும் புது வால்வின் த்ரெட்டில் கசிகிறது.

பதில்: டேப் சுற்றிய திசையைப் பாருங்கள். த்ரெட்டின் முனை உங்களைப் பார்க்க இருக்கும்போது வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் இறுக்கும்போதே உரிந்துவரும். முதல் த்ரெட்டை விட்டு, அரை அங்குலத்துக்கு மெல்லிய டேப் ஆறிலிருந்து எட்டு சுற்று. இறுக்கியபின் நேராக்குவதற்காகப் பின்னோக்கித் திருப்பினால் டேப் விட்டுவிடும், கழற்றி மறுபடி சுற்றத்தான் வேண்டும். சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் லைனில் பித்தளை த்ரெட் பதித்த ஃபிட்டிங்கையே வாங்குங்கள். பிளாஸ்டிக் த்ரெட்டுக்குள் உலோகத்தை முறுக்கினால், அன்று இல்லாவிட்டாலும் பிறகு பிளந்துவிடும்.

கேள்வி: உடலில் மயிரிழை வெடிப்பு. எபாக்ஸி பூசலாமா?

பதில்: ஈரத்தின் மேல் சாதாரண எபாக்ஸி பசை சரியாக ஒட்டாது. லைனை வடித்து, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்துப் பூசினால் புது வால்வு வாங்கி வரும்வரை தாங்கலாம். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.