தாத்தாவின் சவரக்கத்தியில் காயம்படாமல் பழகுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் தம்பி ஒருவர், தாத்தா விட்டுச்சென்ற மடக்குச் சவரக்கத்தியில் எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறார். நானும் அதே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் தாத்தாவின் கத்தியில்தான் பழகினேன்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். துருவோ பிளவோ இருந்தால் முகத்தில் வைக்கவே வேண்டாம். சாணை பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மழுங்கிய கத்திதான் ஆபத்து, நம்மை அறியாமல் அழுத்திவிடுவோம். சவரத்துக்கு முன் தோல்வாரில் 30, 40 தடவை தீட்ட வேண்டும். கத்தியின் முதுகு, அதாவது விளிம்புக்கு எதிரே உள்ள தடித்த பக்கம், முன்னே போக, விளிம்பு பின்னே வரவேண்டும். முதுகின் மேலேயே உருட்டித் திருப்புங்கள், இல்லாவிட்டால் வாரும் கிழியும், கூரும் போகும்.

சரி, முகத்தை வெந்நீரில் கழுவி, நுரையைத் தாராளமாகப் பூசுங்கள். கத்திக்கும் தோலுக்கும் நடுவே சுமார் 30 பாகை கோணம் இருக்கட்டும். மற்ற கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையில் கத்தியைச் சின்னச் சின்னதாக இழுங்கள். கத்தியை விளிம்பின் நீளவாக்கில் நகர்த்தவே கூடாது, ஆழமாக வெட்டுவது அப்போதுதான். முதல் சில வாரம் கன்னம் மட்டும் போதும்; மோவாயும் மேலுதடும் கடினமான இடங்கள், அவற்றைப் பழைய ரேசரிலேயே முடியுங்கள். சிறு கீறலுக்குப் படிகாரம் போதும்.

அப்புறம், டர்பனின் ஈரக் கடல்காற்றில் கார்பன் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். யாருக்கும் இரவல் தராதீர்கள், ரத்தத்தால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும்.