வணக்கத்தில் வளைவது எது?

கேள்வி: "நமஸ்தே" என்றால் "என்னுள் உறையும் தெய்வம் உன்னுள் உறையும் தெய்வத்தை வணங்குகிறது" என்று பொருளாம், விரல் நுனிகள் ஒன்றோடொன்று அழுந்துவதால் நினைவாற்றலும் பெருகுமாம். யோகா வகுப்பில் கேட்டு வந்து பேரன் சொல்கிறான். நம் "வணக்கம்" என்பதற்கும் இதே பொருள்தானா, ஐயா?
— ஒரு வாசகர், ஆர்.கே. புரம், புது தில்லி

பதில்: பேரன் கேட்டு வந்தது நல்ல எண்ணம், ஆனால் சொற்பொருள் அன்று. "நமஸ்" என்பது வளைதல், பணிதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்தது. "தே" என்பது "உனக்கு" எனப் பொருள்படும் நான்காம் வேற்றுமை வடிவம். ஆக, "உனக்கு என் பணிவு" என்பதற்கு மேல் அச்சொல்லில் எதுவும் இல்லை. தெய்வம் அன்பர்கள் பின்னர் ஏற்றிச் சொன்னது. நினைவாற்றல் கதை உண்மையானால், வீடு வீடாகக் கும்பிட்டு வாக்குக் கேட்டவர்களுக்கு வாக்குறுதிகள் மறந்திருக்கக் கூடாது.

வணங்குதல் என்றாலும் வளைதல்தான். 827ஆம் குறளில் "வில்வணக்கம்" என்கிறார் வள்ளுவர்: வில் வளைவது தீங்கு செய்வதற்கே என்பதால், பகைவரின் சொல்வணக்கத்தையும் நன்மை என்று கொள்ளாதே என்கிறார். அந்த வில்லுக்குள் எந்தத் தெய்வம் உறைந்தது என்று பேரனைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த குறள் இன்னும் கடுமையானது; பகைவர் தொழுத கைக்குள்ளும் படைக்கருவி ஒளிந்திருக்கும் என்கிறது. 1948 ஜனவரி 30 அன்று, இதே தில்லியில், பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்தியின் முன் வணங்குவதுபோல் குனிந்தவன் கையில் துப்பாக்கி இருந்தது. கூப்பிய கைக்குத் தானாக எந்தப் புனிதமும் வந்துவிடுவதில்லை. யார், யாருக்கு, எதற்காக வளைகிறார் என்பதே அதன் பொருள்.

யாருக்கு என்பதை நம் முன்னோர் அளந்தே வைத்திருந்தனர். தெய்வத்துக்குத் தலைக்கு மேல், குருவுக்கு முகத்துக்கு நேரே, அந்தணருக்கு மார்புக்கு நேரே கைகூப்ப வேண்டும் என்று அஞ்சலி முத்திரைக்கு வரையறை தருகிறது அபிநய தர்ப்பணம் என்னும் வடமொழி நாட்டிய நூல். அந்த வரிசையில் வாசல் காப்பவருக்கு இடமில்லை.

சென்ற ஆண்டு டிசம்பர் பனியில், எங்கள் குடியிருப்பின் காவலர் போர்வைக்குள் முடங்கிக் கணப்புச் சட்டியருகே அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் போர்வையிலிருந்து வெளியே எடுத்து, "நமஸ்தே, சாப்" என்றார். என் கைகள் இரண்டும் மேலங்கிப் பையின் கதகதப்பில் இருந்தன. தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தேன். மின்தூக்கிக்குள் ஏறிய பிறகுதான் உறைத்தது. மறுநாள் நானே முந்திக்கொண்டு கைகூப்பியதில் அவர் பதறி எழ, போர்வையின் நுனி கணப்பில் பட்டுக் கருகிவிட்டது. இப்போதெல்லாம் சற்றுத் தொலைவிலேயே கும்பிட்டுவிடுகிறேன்.