அத்தைக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 38 வயது, இரண்டு குழந்தைகள். பெரிய அத்தை சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். இப்போது சின்ன அத்தைக்கும் அதே நோய். பரிசோதனையில் அவருக்கு பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் பிழை என்று வந்திருக்கிறது. "அது அப்பா வழி, உனக்கு வராது" என்கிறார் அம்மா. எனக்கும் பிழை இருந்தால் சினைப்பையோடு கருக்குழாயையும் எடுக்கணும் என்கிறார் டாக்டர். குழாய் என்ன பாவம் செய்தது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா சொல்வது தவறு. அந்த மரபணு இருப்பது 17ஆவது குரோமோசோமில். அது ஆணுக்கும் உண்டு. அப்பாவுக்குச் சினைப்பை இல்லை, அதனால் நோய் தெரியாமலே பிழையை மகளுக்குக் கொடுத்துவிடலாம். நான் குடும்ப வரலாறு கேட்டு எழுதும்போது அப்பா பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். "அத்தையா? வயித்துல கட்டி வந்து போயிட்டாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டும்!

சரி, குழாய்க்கு வருவோம். பல நேரம் அதுதான் முதல் குற்றவாளி. 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், முன்னெச்சரிக்கையாக எடுத்த குழாய்களிலேயே புற்றின் தொடக்க மாற்றங்களைக் கண்டார்கள். சினைப்பைப் பக்கம் குஞ்சம்போல் விரியும் நுனியில்தான் அது அதிகம். நான் படித்த காலத்தில் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் பார்ப்போம், அவ்வளவுதான். இப்போது அந்த நுனியை 2, 3 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி முழுவதும் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. செல்லில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மரபணு வெளிப்பாடு என்போம். 2008இல் டொரோண்டோவில், பிழையுள்ள பெண்களின் குழாய்களை எடுத்து இதைப் பார்த்தார்கள். மைக்ராஸ்கோப்பில் குழாய் சாதாரணமாகத்தான் தெரிந்தது. ஆனால் முட்டை வெளியேறிய பிறகு வரும் நாட்களில் எடுத்தவற்றில், வெளிப்பாடு புற்றுத் திசுவை ஒத்திருந்தது.

பிழை உள்ளவர்களில் 80 வயதுக்குள் 100க்குச் சுமார் 44 பேருக்கு இந்நோய் வரலாம்; மற்றவர்களில் ஒருவர், சிலசமயம் இருவர். ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் இதில் நம்பத்தக்க காவல் இல்லை. அதனால்தான் குழந்தைப்பேறு முடிந்தபின், 35–40 வயதில் அறுவை சிகிச்சை என்கிறோம். உடனே மாதவிடாய் நின்றுவிடும், அதையும் டாக்டரிடம் விரிவாகப் பேசுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அப்பாவின் ரத்தம். அவருக்கு அந்தப் பிழை இல்லையென்றால் அத்தைகளிடமிருந்து உங்களுக்கு வர வழியில்லை. இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி, பிறகு உங்கள் பரிசோதனை. சின்ன அத்தையின் ரிப்போர்ட் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். பிழை எந்த இடத்தில் என்று அதில் இருக்கும், அதை மட்டும் தேடச் சொல்லலாம்.