ஒரு 'சரி'க்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்

வணக்கம் மேடம்,

எனக்கு 34 வயசு. ஒன்றரை வருஷமா தினமும் காலைல நாப்பது நிமிஷம் விபாசனா தியானம் பண்றேன், நடுவுல ஒரு பத்து நாள் முகாமும் போய்ட்டு வந்தேன். அங்கதான் விபல்லாசம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு, மனசு உள்ளதை உள்ளபடி பார்க்காம தலைகீழா பார்க்கறதாம். எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு, ஏன்னா ஃப்ரெண்டு ஒருத்தி என் மெசேஜுக்கு வெறும் 'சரி'ன்னு போட்டு புள்ளி வெச்சா போதும், கோவமா இருக்கா, போன வாரம் நான் பேசினது பிடிக்கலை, இனிமே பேசவே மாட்டான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படம் ஓடும். காலைல பார்த்தா அவ பாட்டுக்கு ஒரு குரங்கு வீடியோ அனுப்பிருப்பா.

இப்ப பிரச்சனை அது இல்ல மேடம், அப்படியே நேர்மாறா ஆயிட்டேன். ஆபீஸ் மீட்டிங்ல சீனியர் ஒருத்தர் நான் செஞ்ச வேலையை தான் செஞ்சதா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். வயிறு எரிஞ்சுது, ஆனா உடனே உள்ளேர்ந்து 'நீ எப்பவும் தப்பாத்தானே பார்ப்ப'ன்னு ஒரு குரல். வாயே திறக்கலை. ரெண்டு மாசமா எதைப் பார்த்தாலும் இது நிஜமா இல்ல என் மனசு கட்டுறதான்னு சந்தேகம், தியானத்துல உட்கார்ந்தாலும் இதே விசாரணைதான். நான் சரியா பண்றேனா?

---

வணக்கம்மா,

அந்த சீனியர் பண்ணது நீங்க கட்டின கதை இல்ல. அந்த ரூம்ல இருந்த அத்தனை பேர் காதுலயும் விழுந்த விஷயம்.

புத்தரோட உரைகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயத்துல அவர் சொன்ன விபல்லாசம் நாலுதான். நிலையில்லாததை நிலையானதுன்னு நினைக்கறது, துக்கத்தை சுகம்னு, நான் இல்லாததை நான்னு, அழகில்லாததை அழகுன்னு. அடுத்தவர் பண்ண தப்பை தப்புன்னு பார்க்கறது இந்த நாலுல எங்கயும் வரலை பாருங்க. இந்த நாலும் மூணு மட்டத்துல நடக்கும்னும் அங்கயே இருக்கு: சஞ்ஞை, அதாவது பார்த்ததும் மனசு ஒட்டுற அடையாளம், அப்புறம் சித்தம், அதாவது அதை வெச்சு ஓடுற எண்ணம், அப்புறம் திட்டி, அதாவது கெட்டிப்பட்டுப் போன கருத்து. உங்க 'சரி' சமாச்சாரம் முதல் ரெண்டுலயே நின்னுது, விடிஞ்சா கலைஞ்சுடும். 'நான் எப்பவும் தப்பாத்தான் பார்ப்பேன்'ங்கறது அப்படி இல்ல. அதுல 'எப்பவும்' இருக்கு, மாறாத ஒரு 'நான்' இருக்கு. நாலுல ரெண்டு அதுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு, அதுவும் கருத்தாவே இறுகிப்போய். விபல்லாசத்தை விரட்டப் போய் அதோட பெரிய அண்ணனை வீட்டுக்குள்ள விட்டுட்டீங்க.

அஞ்சாம் நூற்றாண்டுல புத்தகோசர்ங்கற பௌத்த துறவி எழுதின விசுத்திமார்க்கம்ங்கற நூல்ல சஞ்ஞைக்கு ஒரு உவமை வரும், மான்குட்டிங்க வயல்ல நிக்கற வைக்கோல் பொம்மையைப் பார்த்து ஆளுன்னு நினைச்சுக்கறது. முன்னாடி நீங்க அந்த மான்குட்டி. இப்ப நிஜமாவே ஒருத்தன் வில்லோட வந்து நிக்கறான், 'பொம்மையாத்தான் இருக்கும், எனக்குத்தான் கண்ணு சரியில்ல'ன்னு அசையாம நிக்கறீங்க. ரெண்டுலயும் விட்டுப்போனது ஒண்ணுதான், கிட்டக்க போய் பார்க்கலை.

கிட்டக்க பார்க்கறதுன்னா இப்படி. மெசேஜ் வருது, கண்ணுல ரெண்டு எழுத்து ஒரு புள்ளி. அடுத்த நொடி வயித்துல ஒரு இறுக்கம். அதுக்கு அப்புறம்தான் 'கோவமா இருக்கா'. மஜ்ஜிம நிகாயம்ங்கற இன்னொரு தொகுப்புல மதுபிண்டிக சுத்தான்னு ஒரு உரை இருக்கு, அதுல வரிசையும் இதேதான்: தொடுகை, வேதனை (வலி இல்ல, சுகமோ துக்கமோ எந்த உணர்வும்), சஞ்ஞை, எண்ணம், கடைசில பபஞ்சம், அதாவது எண்ணம் பெருகிப் பெருகி ஓடுறது, உங்க அந்த ரெண்டு மணிப் படம். அடுத்த தடவை அந்த இறுக்கத்துலயே நில்லுங்க. 'இறுக்கம், இறுக்கம்', எண்ணம் வந்தா 'நினைக்குது, நினைக்குது', பர்மால மகாசி சயாதோங்கற துறவி சொல்லிக்கொடுத்த குறிப்பு முறை இது, நடக்கறதுக்கு மனசுக்குள்ளயே பேர் சொல்றது. 'தப்பா நினைக்குது'ன்னு மட்டும் போடாதீங்க, அந்த 'தப்பா' உள்ள வந்த உடனே கோர்ட்டு ஆரம்பிச்சுடும். நிஜமா பொய்யான்னு விசாரணை வந்தா 'சந்தேகம், சந்தேகம்'னு குறிங்க, தியானத்துக்கு வர்ற தடைகள்னு புத்தர் சொன்ன அஞ்சுல அதுவும் ஒண்ணு, அதுக்குப் பதில் கண்டுபிடிக்கறது உட்கார்ந்திருக்கற அந்த நாப்பது நிமிஷத்தோட வேலையே இல்ல.

பதில் வேணும்னா எழுந்து வந்து நோட்டை எடுங்க. 1960கள்ல ஆரோன் பெக்ங்கற அமெரிக்க மனநல மருத்துவர் ஆரம்பிச்ச, எண்ணங்களைச் சோதிச்சுப் பார்க்கற சிகிச்சை முறைல நாங்க பண்றது இதுதான், ஒரு எண்ணத்துக்கு ஆதாரம் ஒரு பக்கம், எதிரா இருக்கறது இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் எழுதணும்மா, நீங்க ரெண்டு மாசமா உங்களுக்கு எதிரான பக்கத்தை மட்டுமே நிரப்பிட்டு இருக்கீங்க.

இன்னொண்ணு. சுத்தி இருக்கறது எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கற மாதிரி இருந்தாலோ, தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, நீண்ட நேரம் உட்கார்றதை நிறுத்திட்டு கண்ணைத் திறந்து பத்து நிமிஷம் நடை தியானம் மட்டும் பண்ணுங்க, முகாம் ஆசிரியர்கிட்டயும் சொல்லுங்க, ஒரு மனநல மருத்துவரை நேர்ல பாருங்க. தள்ளிப் போடாதீங்க.

இன்னைக்கு அந்த மீட்டிங்ல அவர் என்ன வார்த்தை சொன்னாரோ அதை மட்டும், உங்க விளக்கம் இல்லாம, ஒரு வரியா எழுதுங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்த யாராவது ஒருத்தர்கிட்ட 'நீங்களும் இதைத்தான் கேட்டீங்களா'ன்னு கேளுங்க. ஆமான்னு சொன்னா, அதே வரியை எடுத்துட்டுப் போய் அந்த சீனியர்கிட்டயே பேசுங்க, வயிறு எரியும், எரியட்டும், எரியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே பேசலாம்.